சூடாகும் பிளக் பாயிண்ட்: இறுக்குவதா, மாற்றுவதா, புது ஒயர் இழுப்பதா?

இஸ்திரி போட்டு முடித்துப் பிளக்கைப் பிடுங்கும்போது விரலில் சுள்ளென்று சூடு படும். சூடு தருகிற பொருள்தானே, பிளக்கும் கொஞ்சம் சுடத்தான் செய்யும் என்று விட்டுவிடுவோம். நானும் பல மாதம் அப்படித்தான் விட்டிருந்தேன். ஒரு நாள் சாக்கெட்டின் ஒரு ஓட்டையைச் சுற்றிப் பழுப்பாக ஒரு வளையம் தெரிந்தது. மெயினை அணைத்துவிட்டு மூடியைக் கழற்றினால், பின்னால் இருந்த ஒயரின் உறை அரை அங்குலத்துக்குக் கருகியிருந்தது. தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. அதுவரை, மின்னோட்டம் அளவு மீறினால் தானாக விழுந்து துண்டிக்கும் சுவிட்சான எம்.சி.பி. ஒரு தடவைகூட விழவில்லை. இஸ்திரிப் பெட்டியும் எந்தக் குறையும் காட்டாமல் வேலை செய்துகொண்டிருந்தது.

அன்று என் முன்னால் நான்கு வழிகள் இருந்தன. இந்தப் பாயிண்டைத் தொடாமல் வேறு அறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்துக்கொள்ளலாம். ஸ்க்ரூவை இறுக்கி மூடிவிடலாம். சாக்கெட்டை மட்டும் மாற்றலாம். இல்லையென்றால் ஒயரோடு சேர்த்தே மாற்றலாம். எந்த வீட்டில் பிளக் பாயிண்ட் கெட்டாலும் இந்த நான்குதான் திரும்பத் திரும்ப வருகின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைப் பெரும்பாலும் செலவும் அலுப்பும்தான் முடிவு செய்கின்றன. சுவருக்குள் இருக்கும் ஒயரைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பதுதான் நான் இங்கே சொல்ல வருவது. சாக்கெட்டின் முகம் பளபளப்பாக இருக்கிறதா, உடைந்திருக்கிறதா என்பது இரண்டாம் பட்சம்.

சூடு எங்கிருந்து வருகிறது

வழிகளை ஒப்பிடும் முன் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுவிடுவோம். இது தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது.

2300 வாட் ஹீட்டர் ஒன்று 230 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும். சாக்கெட்டின் பின்னால் ஸ்க்ரூ லூசாகி, அந்த இணைப்பில் கால் ஓம் தடை சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் வெப்பம் கிடைக்கும். 10 × 10 × 0.25, அதாவது 25 வாட். ரேடியோ பழுது பார்ப்பவர்கள் ஈயத்தை உருக்கிப் பற்ற வைக்கும் சின்ன சால்டரிங் அயர்னின் திறனும் ஏறக்குறைய அதுதான். அப்படி ஒரு சால்டரிங் அயர்னைக் காற்றுப் போகாத பெட்டிக்குள், ஒயரின் உறையை ஒட்டினாற்போல வைத்து மணிக்கணக்கில் எரியவிட்டால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும் ஆகிறது. வீடுகளில் ஓடும் சாதாரண பி.வி.சி. ஒயர் 70 டிகிரி செல்சியஸ் வரை தாங்கத்தான் செய்யப்பட்டது.

ஹீட்டருக்கு இது தெரியுமா? தெரியாது. 230 வோல்ட்டுக்குப் பதில் 227.5 கிடைக்கிறது, அவ்வளவுதான். எம்.சி.பி.க்குத் தெரியுமா? அதன் வழியாகப் போவது அதே 10 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு அசையவே அசையாது. அளவுக்கு மீறிய மின்னோட்டத்தையும் ஷார்ட் சர்க்யூட்டையும் கண்டால்தான் அது விழும். ஆர்.சி.சி.பி. என்ற இன்னொரு பாதுகாப்பு சுவிட்ச் கவனிப்பது வெளியே கசியும் மின்னோட்டத்தை. லூஸ் இணைப்பில் கசிவு எதுவும் இல்லை. பொறி பறப்பதைக் கண்டறிந்து துண்டிக்கும் கருவிகளும் இப்போது வருகின்றன. பொறி இல்லாமல் சும்மா காய்ந்துகொண்டே இருக்கும் இணைப்பு அவற்றின் கண்ணிலும் தப்பிவிடலாம். ஆக, இந்த ஒரு கோளாறுக்கு நம் கையும் கண்ணும் மூக்கும்தான் காவல்.

லூஸ் இணைப்பு தானாகச் சரியாவதில்லை. சூட்டில் உலோகம் விரியும், ஆறும்போது சுருங்கும். ஒவ்வொரு தடவையும் ஸ்க்ரூவின் பிடி இன்னும் கொஞ்சம் தளரும். மேல்பரப்பில் ஆக்ஸைடு படியும், தடை கூடும், அதனால் சூடு இன்னும் கூடும். நேற்று வெதுவெதுப்பாக இருந்தது இன்று சுடுகிறது என்றால் அது இந்தச் சுழலில் போய்க்கொண்டிருக்கிறது. 120 வோல்ட் மின்சாரம் உள்ள நாடுகளில் இது இன்னும் கடுமை. அதே திறனுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு மின்னோட்டம் போவதால், அதே லூஸ் இணைப்பில் நான்கு மடங்கு வெப்பம் உண்டாகும்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டுச் சமாளிப்பது

கெட்டுப்போன பாயிண்டைப் பயன்படுத்தாமல் விடுவது நல்ல முதல் வேலைதான். அதன் சுவிட்சை அணைத்து, மேலே ஒரு டேப் ஒட்டி, யாரும் தொடாதபடி செய்துவிட்டு எலக்ட்ரீஷியன் வரும்வரை காத்திருக்கலாம். அதையே நிரந்தரத் தீர்வாக்கும்போதுதான் சிக்கல்.

பல வீடுகளில் ஒரு பாயிண்டின் பின்னாலிருந்துதான் அடுத்த பாயிண்டுக்கு ஒயர் போகிறது. ஒரே ஸ்க்ரூவுக்குள் வருகிற ஒயரும் போகிற ஒயரும் சேர்ந்தே இருக்கும். கருகிய சாக்கெட்டில் நீங்கள் எதையும் செருகாவிட்டாலும், அடுத்த அறை ஹீட்டரின் மின்னோட்டம் அந்த லூஸ் ஸ்க்ரூ வழியாகவே போய்க்கொண்டிருக்கலாம். அதனால் "அந்த பாயிண்டை நாங்கள் யூஸ் பண்றதே இல்லை" என்று நிம்மதியாக இருக்க முடியாது.

போன் சார்ஜர், மேசை விளக்கு, கணினி போன்ற சின்ன லோடுகளுக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சரி. ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி, மைக்ரோவேவ் போன்றவற்றுக்கு வேண்டாம். ஒரு பாக்ஸில் இன்னொரு பாக்ஸைச் செருகுவதும் வேண்டாம். ஒவ்வொரு செருகலும் கூடுதலாக ஓர் இணைப்பு, சூடாவதற்குக் கூடுதலாக ஓர் இடம். நீளமான ஒயரைச் சுருட்டி வைத்தபடியே பெரிய லோடு ஓட்டுவதும் ஆபத்து. சுருளுக்குள் வெப்பம் வெளியேற வழியில்லாமல் உறைகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொள்ளும். விரிப்புக்கு அடியில் ஒயரை ஓட்டினாலும் இதே கதைதான்.

ஸ்க்ரூவை இறுக்குவது

இது எல்லோருக்கும் பிடித்த வழி. ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும், 10 நிமிட வேலை. சில இடங்களில் இது முழுச் சரியான தீர்வும்கூட. ஆனால் மூன்று விஷயங்கள் ஒன்றுசேர இருக்க வேண்டும். சாக்கெட்டின் பிளாஸ்டிக்கில் நிற மாற்றமோ இளகிய அடையாளமோ இருக்கக்கூடாது. ஒயரின் உறை நுனிவரை மெதுவாக, வளைத்தால் வளைகிற பதத்தில் இருக்க வேண்டும். பிளக்கைச் செருகும்போதும் பிடுங்கும்போதும் நல்ல பிடிப்புத் தெரிய வேண்டும். இந்த மூன்றும் இருந்து, ஸ்க்ரூ மட்டும் தளர்ந்திருந்தால் இறுக்கி மூடிவிடலாம்.

மூன்றில் ஒன்று குறைந்தாலும் இறுக்குவதால் பயனில்லை. காரணம் சாக்கெட்டின் உள்ளே இருக்கிறது. பிளக்கின் பின்னைக் கவ்விப் பிடிப்பது வளைத்துச் செய்த ஒரு உலோகத் தகடு. அது ஸ்பிரிங் மாதிரி அழுத்துவதால்தான் இணைப்பு கெட்டியாக இருக்கிறது. ஒரு தடவை நன்றாகச் சூடேறிவிட்டால் அந்தத் தகடு தன் விறைப்பை இழந்துவிடும். பின்னாலிருக்கும் ஸ்க்ரூவை எவ்வளவு இறுக்கினாலும் முன்னாலிருக்கும் கவ்வலுக்கு விறைப்புத் திரும்பாது. உப்புத்தாள் போட்டுக் கரியைத் தேய்ப்பவர்களும் உண்டு. அது மேல்பூச்சையும் சேர்த்து எடுத்துவிடும். சில வாரங்களில் முன்பைவிட மோசமாகக் கருகும்.

இறுக்குவதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. பல இழை ஒயராக இருந்தால் கருத்த நுனியை வெட்டிவிட்டு, புதிதாக உறையைச் சீவி, இழைகள் எல்லாவற்றையும் முறுக்கி, ஒன்றுகூட வெளியே தப்பாமல் உள்ளே விட வேண்டும். மெல்லிய ஒயரானால் நுனியை இரண்டாக மடித்து விடலாம். ஃபெரூல் என்னும் சின்ன உலோகக் குழலை மாட்டி அழுத்தினால் இன்னும் நல்லது. நுனியில் ஈயம் பற்ற வைப்பது மட்டும் கூடாது. ஈயம் மெத்தென்ற உலோகம். ஸ்க்ரூவின் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நகர்ந்து இடம் கொடுத்துவிடும். நீங்கள் இறுக்கிய இணைப்பு தானாக லூசாகும். பார்க்க நேர்த்தியாக இருப்பதால் நல்ல கைத்திறன் உள்ளவர்கள்கூடச் செய்யும் தவறு இது.

சாக்கெட்டை மாற்றுவது

நிறம் மாறிய, பிடிப்புத் தளர்ந்த, விரிசல் விட்ட சாக்கெட்டுக்கு இதுதான் வழி. கூடவே அதில் செருகிய பிளக்கையும் பார்க்க வேண்டும். கருத்த பின்னுள்ள பழைய பிளக்கைப் புது சாக்கெட்டில் செருகினால், அந்தக் கரிப்படலத்தின் தடை புதிய தகட்டையும் சூடாக்கும். கொஞ்ச நாளில் புதுசும் பழையது போலவே ஆகிவிடும். "நல்ல கம்பெனி சாக்கெட்தான் போட்டேன், அதுவும் கருகிடுச்சு" என்று சொல்பவர்கள் வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பிளக்கைத்தான். சாக்கெட், பிளக் இரண்டையும் ஒரே நாளில் மாற்றிவிடுங்கள்.

மாற்றும்போது பெரிய சாக்கெட்டாகப் போட்டுவிட்டால் நல்லது என்று தோன்றும். இதில்தான் நான் பிடிவாதமாக இருப்பேன். பெரிய சாக்கெட் போட்டால் சுவருக்குள் ஓடும் ஒயர் பெருத்துவிடாது. விளக்குகளுக்காகப் போட்ட 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரின் நுனியில் ஹீட்டர் செருகும்படி ஒரு சாக்கெட்டை வைப்பது, வீட்டில் இருப்பவர்களைத் தப்பான நம்பிக்கையில் வைப்பதுதான். சாக்கெட்டைப் பார்ப்பவர்கள் அதை நம்பித்தானே செருகுவார்கள்? இதன் அடுத்த கட்டம் இன்னும் மோசம். புது சாக்கெட்டில் ஹீட்டரைப் போட்டதும் எம்.சி.பி. விழ ஆரம்பிக்கும். உடனே 10 ஆம்பியரை எடுத்துவிட்டு 32 ஆம்பியர் போடுவார்கள். எம்.சி.பி. அங்கே இருப்பது ஒயரைக் காப்பாற்ற. அதன் அளவு ஒயர் தாங்கும் அளவுக்குள் இருக்க வேண்டும். அதை மீறிப் பெரிதாக்கினால், அடுத்த தடவை விழ வேண்டிய எம்.சி.பி. சும்மா இருக்கும், ஒயர் எரியும்.

ஸ்க்ரூ இல்லாமல் ஒயரை நேராகக் குத்திச் செருகும் வகை சாக்கெட்டுகள் கிடைக்கின்றன. வேலை சீக்கிரம் முடியும். ஆனால் சின்ன ஸ்பிரிங் ஒன்றுதான் அங்கே ஒயரைப் பிடித்திருக்கிறது. அடிக்கடி செருகிப் பிடுங்கும் பாயிண்டுக்கும் அதிக லோடு போகும் பாயிண்டுக்கும் நான் ஸ்க்ரூ வைத்ததையே எடுப்பேன்.

யு.எஸ்.பி. துளை உள்ள சாக்கெட்டுகளைப் பற்றியும் கேட்கிறார்கள். வசதிதான். உள்ளே எலக்ட்ரானிக்ஸ் இருப்பதால் சாதாரண சாக்கெட்டைவிடச் சீக்கிரம் கெடலாம். கெட்டால் முழுச் சாக்கெட்டையும் மாற்ற வேண்டியிருக்கும். வீட்டுக்கு ஒன்றிரண்டு போதும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஓட்டைகளைத் தானாக மூடிக்கொள்ளும் ஷட்டர் வைத்த சாக்கெட்டையே போடுங்கள். தனியாகக் கிடைக்கும் பிளாஸ்டிக் அடைப்பான்களைக் குழந்தை ஒரு வாரத்தில் பிடுங்கிவிடும்.

ஒயரோடு மாற்றுவது

செலவும் தூசியும் அதிகமான வழி இதுதான். ஆனாலும் சில அடையாளங்களைக் கண்டால் வேறு எதைச் செய்தாலும் காசு வீண்.

முதல் அடையாளம், நொறுங்கும் உறை. ரப்பரும் பருத்தித் துணியும் சுற்றிய பழங்கால ஒயர்களில் உறை காலப்போக்கில் காய்ந்துவிடும். சாக்கெட்டை மாற்ற ஒயரை ஒரு தடவை வளைத்தாலே உதிரும். அதில் டேப் சுற்றிப் பயனில்லை. சூட்டில் டேப்பின் பசை இளகி அவிழ்ந்துவிடும். தவிர, நாம் பார்ப்பது நுனியைத்தான். உள்ளே மீதி நீளம் எப்படி இருக்கிறதோ? பி.வி.சி. ஒயரில் நுனி மட்டும் கருகியிருந்தால், கெட்ட பகுதியை முழுசாக வெட்டி எடுத்த பிறகும் சாக்கெட்டைத் தாராளமாக எட்டும் நீளம் மிச்சமிருந்தால் புது ஒயர் வேண்டியதில்லை. எட்டவில்லை என்றால், சாக்கெட்டின் பின்னால் ஒரு ஜாயின்ட் போட்டு நீட்டுவதைவிட, ஒயர்கள் கிளை பிரியும் ஜங்ஷன் பாக்ஸ் வரை புதிதாக இழுப்பதுதான் நல்லது.

இரண்டாவது, அலுமினிய ஒயர். 1960களின் பிற்பகுதியில் செம்பின் விலை ஏறியபோது பல வீடுகளுக்கு அலுமினிய ஒயர் போட்டார்கள். அலுமினியத்தின் மேல் படியும் ஆக்ஸைடு மின்சாரத்தைக் கடத்தாது. சூட்டில் செம்பைவிட அதிகமாக விரிந்து சுருங்கும். ஸ்க்ரூவின் அழுத்தத்தில் மெல்ல நசுங்கி இடம் கொடுக்கும். லூஸ் இணைப்புக்கு வேண்டிய எல்லாம் அதனிடமே இருக்கிறது. அலுமினியத்தையும் செம்பையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றுவது கண்டிப்பாகக் கூடாது. அலுமினியத்துக்கென்றே செய்த சாக்கெட்டுகளும் இணைப்பான்களும் இருக்கின்றன. அவற்றை வைத்துச் சில காலம் ஓட்டலாம், அதுவும் விஷயம் தெரிந்த எலக்ட்ரீஷியன் கையால் போட்டால்.

மூன்றாவது, லோடு மாறிவிட்ட வீடு. ஒரு காலத்தில் ரேடியோ ஓடிய பாயிண்டில் இப்போது ஏ.சி. ஓடுகிறது, ஓவன் ஓடுகிறது. மின்சார வாகனத்துக்கு வீட்டு சாக்கெட்டிலிருந்து சார்ஜ் ஏற்றுவது இதில் தனி ரகம். இஸ்திரிப் பெட்டி சூடேறியதும் தெர்மோஸ்டாட் அணைத்து அணைத்துப் போடுவதால் இணைப்புக்கும் ஆற நேரம் கிடைக்கிறது. வாகனம் 10 ஆம்பியரை இரவு முழுக்க, ஓய்வே இல்லாமல் இழுக்கும், அதுவும் எல்லோரும் தூங்கும் நேரத்தில். அதற்கு மெயின் பெட்டியிலிருந்து தனி ஒயர், தனி எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. பாதுகாப்பு என்று போட்டே ஆக வேண்டும்.

சுவரை உடைக்க வேண்டுமே என்ற பயத்தில் பலர் இந்த வேலையைத் தள்ளிப்போடுகிறார்கள். ஒயர் பைப்புக்குள் ஓடினால் பெரும்பாலும் உடைக்கத் தேவையில்லை. பழைய ஒயரின் நுனியில் புது ஒயரைக் கட்டி மறுபக்கத்திலிருந்து இழுத்துவிடலாம். பைப் இல்லாமல் நேராகப் பூச்சுக்குள் புதைத்திருந்தால், சுவரின் மேலேயே பி.வி.சி. கேசிங் ஓட்டி அதற்குள் புது ஒயர் விடலாம். அழகு கொஞ்சம் குறையும். ஆனால் ஒயர் எங்கே ஓடுகிறது என்று கண்ணுக்குத் தெரியும், ஆணி அடிப்பவர்களுக்கும் பயமில்லை. எனக்கு இந்த முறை மிகவும் பிடிக்கும்.

எர்த் இல்லாத பாயிண்ட்

இரண்டு ஓட்டை மட்டும் உள்ள பழைய பாயிண்டை மூன்று ஓட்டையாக மாற்றும்போது, கசியும் மின்சாரத்தைப் பத்திரமாக வெளியே கொண்டுபோகும் எர்த் ஒயர் இல்லை என்று தெரிய வரும். இங்கே மூன்று வழிகள் பேசப்படுகின்றன. மூன்றும் ஒரே தரமில்லை.

முதல் வழி, சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலிலிருந்து, அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் ஒயரிலிருந்து, எர்த் முனைக்கு ஒரு துண்டு ஒயரால் ஜம்பர் போடுவது. டெஸ்ட் பண்ணிப் பார்த்தால் எர்த் இருப்பதாகவே காட்டும். இதை எந்தச் சூழ்நிலையிலும் செய்யாதீர்கள், யாரையும் செய்யவிடாதீர்கள். வழியில் எங்காவது நியூட்ரல் ஒயர் அறுந்துவிட்டால், பேஸ் என்னும் மின்சாரம் கொண்டு வரும் ஒயரிலிருந்து வரும் மின்சாரம் கருவிக்குள் புகுந்து, நியூட்ரல் வழியாக ஜம்பருக்கு வந்து, வாஷிங் மெஷினின் இரும்பு உடலில் வந்து நிற்கும். மெஷினில் எந்தக் கோளாறும் இல்லாமலேயே அதன் உடம்பு முழுக்க ஷாக் அடிக்கும். பாதுகாப்புக்கென்று இருக்கும் எர்த் முனையே ஆளைக் கொல்லும் வழியாகிவிடும்.

இரண்டாவது, எர்த் இல்லாமல், 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் விழும் ஆர்.சி.சி.பி. மட்டும் போடுவது. மூன்றாவது, முறையாக எர்த் ஒயர் இழுத்து, ஆர்.சி.சி.பி.யும் போடுவது. இவற்றின் வித்தியாசம் கசிவு தொடங்கும் அந்த நொடியில் இருக்கிறது. எர்த் இருந்தால், உள்ளே ஒயர் உடலைத் தொட்ட உடனேயே கசிவு எர்த் வழியாகப் போகும், ஆர்.சி.சி.பி. விழும், யாரும் தொட வேண்டியதில்லை. எர்த் இல்லாவிட்டால் கசிவுக்கு வழியே இருக்காது, யாராவது தொடும்வரை. தொட்டவரின் உடம்புதான் முதல் வழி. அவர் ஷாக்கை உணர்வார், அப்புறம்தான் ஆர்.சி.சி.பி. விழும். பெரும்பாலும் உயிர் தப்பும். ஒன்றுமே இல்லாததைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் முழுத் தீர்வு மூன்றாவதுதான்.

எர்த் மட்டும் இருந்தால் போதாதா என்றால், அதுவும் எப்போதும் போதாது. எர்த் ஒயர் மண்ணில் இறக்கிய தண்டோடு மட்டும் இணைந்திருக்கும் வீடுகளில், மண்ணின் தடை 20 ஓம் என்றால் 230 வோல்ட்டில் போகும் கசிவு 11.5 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு விழாது. கருவியின் உடலில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும்.

சார்லஸ் டால்ஸியல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் தானாக முன்வந்தவர்களை வைத்துச் சோதித்து, எவ்வளவு மின்னோட்டம் போனால் கை பிடித்ததை விட முடியாமல் போகிறது என்று அளந்தார். ஆண்களுக்குச் சராசரியாக ஏறக்குறைய 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5. நம் பெட்டியில் இருக்கும் 16 ஆம்பியர் எம்.சி.பி. தடையில்லாமல் விடுவது அந்த 16 மில்லி ஆம்பியரின் 1000 மடங்கு. மனிதனைக் காப்பாற்றுவது எம்.சி.பி.யின் வேலையே இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான எண் எனக்குத் தெரியவில்லை. கசிவைக் கண்டு துண்டிக்கும் கருவியை வடிவமைத்தவர்களில் டால்ஸியலும் ஒருவர்.

நாமே செய்வதா, எலக்ட்ரீஷியனா

சில நாடுகளில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. ஆஸ்திரேலியாவில் லைசென்ஸ் இல்லாதவர் ஒரு சாக்கெட்டை மாற்றுவதும் சட்டப்படி குற்றம். இங்கிலாந்தில் பழையதற்குப் பதில் அதே மாதிரி சாக்கெட்டை மாற்றுவதை வீட்டுக்காரரே செய்யலாம். நீங்கள் இருக்கும் இடத்தின் சட்டத்தை முதலில் பாருங்கள்.

சட்டம் அனுமதித்தால், என் எல்லைக்கோடு இதுதான்: அதே அளவு சாக்கெட், அதே ஒயர், அதே இடம் என்றால் கவனமும் பொறுமையும் உள்ள ஒருவர் செய்யலாம். ஒயர் கருகியிருந்தால், எர்த் சந்தேகமாக இருந்தால், அலுமினியமாக இருந்தால், தண்ணீருக்குப் பக்கத்தில் இருந்தால், புது பாயிண்ட் என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மூடியைத் திறந்ததும் எதிர்பார்க்காத ஒயர்கள் தெரிந்தாலும் அப்படியே மூடிவிட்டுக் கூப்பிடுங்கள். பாதியில் நிறுத்துவதில் எந்த வெட்கமும் இல்லை.

நாமே செய்பவர்கள் அதிகம் தவறுவது மின்சாரம் போய்விட்டதா என்று பார்க்கும் இடத்தில்தான். பாயிண்டின் சுவிட்சை அணைத்தால் போதாது. சுவிட்சைத் தவறுதலாக நியூட்ரலில் போட்டிருந்தால், அணைத்த பிறகும் பேஸ் சாக்கெட்டில் நின்றுகொண்டிருக்கும். எம்.சி.பி.யை அணைத்து, யாரும் போட்டுவிடாதபடி ஒரு சீட்டு ஒட்டுங்கள். அப்புறம் சோதியுங்கள். ஸ்க்ரூ டிரைவர் டெஸ்டரை மட்டும் நம்ப வேண்டாம். அது நம் உடம்பு வழியாகப் போகும் மிகச் சிறிய மின்னோட்டத்தில் எரிவது. மர ஸ்டூல் மேல் நின்றால், தடித்த ரப்பர் செருப்புப் போட்டிருந்தால், வெளிச்சம் அதிகமாக இருந்தால் எரிவது தெரியாமலே போகலாம். டெஸ்டர் எரிந்தால் ஆபத்து என்று எடுத்துக்கொள்ளலாம். எரியாவிட்டால் பத்திரம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மல்டிமீட்டரை முதலில் வேலை செய்கிற வேறொரு சாக்கெட்டில் வைத்து அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்து, பிறகு இந்தப் பாயிண்டில் பேஸுக்கும் நியூட்ரலுக்கும், பேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே வைத்து, மறுபடியும் அந்த முதல் சாக்கெட்டில் வைத்துப் பாருங்கள். நடுவில் மீட்டரே செத்துப்போகவில்லை என்று அப்போதுதான் உறுதியாகும்.

ஒயரின் நிறத்தையும் நம்ப வேண்டாம். சில நாடுகளின் பழைய ஒயரிங்கில் கறுப்பு நியூட்ரல். வேறு சில நாடுகளில் அதே கறுப்புதான் பேஸ். கையில் கிடைத்த நிறத்தில் இழுத்து வைத்தவர்களும் எல்லா ஊரிலும் உண்டு. எதையும் கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே முனையில் இரண்டு ஒயர் இருந்தால் இரண்டும் திரும்ப உள்ளே போக வேண்டும். ஒன்றை விட்டால் அடுத்த அறை இருட்டாகும்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டாலும் ஒரு கேள்வியை மரியாதையாகக் கேளுங்கள்: "வேலை முடிந்ததும் எதை வைத்து டெஸ்ட் பண்ணுவீங்க?" எர்த் தொடர்ச்சியை அளப்பேன், இன்சுலேஷனை 500 வோல்ட் டெஸ்டரில் பார்ப்பேன், ஆர்.சி.சி.பி.யை விழவைத்துப் பார்ப்பேன் என்று சொல்பவர் கையில் வீட்டைக் கொடுக்கலாம். விளக்கு எரிந்தால் சரிதானே என்பவருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடலாம்.

புதிதாக ஒரு பாயிண்ட் வேண்டும் என்றால்

பக்கத்து பாயிண்டிலிருந்து கிளை எடுப்பதா, மெயின் பெட்டியிலிருந்து தனியாக இழுப்பதா என்பதை அங்கே என்ன செருகப் போகிறீர்கள் என்பதை வைத்தே முடிவு செய்யலாம். விளக்கு, டி.வி., சார்ஜர் என்றால் கிளை போதும். கிளை ஒயர் மூல ஒயரைவிட மெல்லியதாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான். சூடாக்குகிற கருவி, குளிர வைக்கிற கருவி, வாகனம் என்றால் தனி ஒயர். இதில் நடுவழி தேடுவதுதான் பின்னால் கருகிய சாக்கெட்டாக வந்து நிற்கும்.

குளியலறையில் ஷவரிலிருந்தும் தொட்டியிலிருந்தும் 60 சென்டிமீட்டருக்குள் சாதாரண பிளக் பாயிண்ட் வரவே கூடாது. பல நாடுகளின் விதிகள் இன்னும் அதிக தூரம் கேட்கின்றன. வெளிப்புறச் சுவரில் போட்டால் மழைத்தண்ணீர் புகாத மூடியுள்ளதைப் போடுங்கள்.

என் இஸ்திரிப் பாயிண்டில் நுனியை வெட்டினால் ஒயர் எட்டவில்லை. ஜங்ஷன் பாக்ஸ் வரை 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் புதிதாக இழுத்தோம். சாக்கெட்டையும் பெட்டியின் பிளக்கையும் அன்றே மாற்றினோம். வேலை முடிந்ததும் எலக்ட்ரீஷியன் இஸ்திரிப் பெட்டியை அரை மணி நேரம் ஓடவிட்டு, அணைத்து, பிளக்கின் முதுகில் கை வைத்துப் பார்த்தார். லேசான வெதுவெதுப்பு மட்டும் இருந்தது. புது ஸ்க்ரூவுக்குக் கீழே செம்பு கொஞ்சம் படிந்து இடம் கொடுக்கும் என்பதால், ஒரு மாதம் கழித்து மெயினை அணைத்து இன்னொரு தடவை இறுக்கிப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். நியூட்ரல் ஸ்க்ரூ கால் சுற்று உள்ளே போனது.